லினக்ஸ் வழங்கிகளில் வரைகலை இயக்கிச் சிக்கல்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

வரைகலை இயக்கிச் சிக்கல் என்பது, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பிறகு கணினியில் உள்ள வரைகலை அட்டை வேலை செய்யாமல் போவதைக் குறிக்கும். மேசைக் கணினியில் இது கருந்திரையாக வெளிப்படும். சர்வர் என அழைக்கப்படும் வழங்கிகளில் பெரும்பாலும் திரையே இணைக்கப்பட்டிருப்பதில்லை. அங்கே வரைகலை அட்டையை நம்பி ஓடும் கணிப்புப் பணிகள் நின்றுவிடும்; அல்லது மையச் செயலகத்துக்கு மாறிப் பல மடங்கு மெதுவாக நகரும். வன்பொருளில் பழுது இருக்காது. பயனரின் நிரலும் மாறியிருக்காது. வழக்கமான ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் ஒரு மறுதொடக்கமும் மட்டுமே நடந்திருக்கும்.

லினக்ஸ் உலகில் இது தற்செயலான பிழை அன்று. வரைகலை இயக்கியின் மூல நிரல் யாரிடம் இருக்க வேண்டும் என்பது குறித்து, லினக்ஸ் கருனியை எழுதுவோருக்கும் சில்லுத் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த கருத்து வேறுபாட்டின் விளைவு இது. இன்று ஒரு வழங்கி நிர்வாகி இச்சிக்கலைத் தீர்க்கச் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

இயக்கியின் இரு பாகங்கள்

டிரைவர் எனப் பரவலாக அறியப்படும் இயக்கி, வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் மென்பொருள் ஆகும். வலையட்டை, வன்தட்டு போன்றவற்றின் இயக்கிகள் பெரும்பாலும் கருனிக்குள்ளேயே அடங்கிவிடும். வரைகலை இயக்கி அப்படி அன்று. அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு.

முதற்பாகம் கருனிக்குள் ஏற்றப்படும் கூறு. அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுவது, கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்புவது, மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் கண்காணிப்பது போன்றவை இதன் பணிகள். இரண்டாம் பாகம் பயனர் நிரல்களோடு இணையும் நிரலகங்கள். ஓப்பன்ஜிஎல், கூடா போன்ற இடைமுகங்களின் வழியே நிரல் கேட்பதை, அட்டைக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது இவற்றின் வேலை.

இந்த அமைப்பில் மூன்று பொருத்தங்கள் தேவைப்படுகின்றன. கருனிக் கூறு, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருனியோடு பொருந்த வேண்டும். நிரலகங்கள் கருனிக் கூறோடு பொருந்த வேண்டும். இரண்டும் அட்டையின் தலைமுறையோடு பொருந்த வேண்டும். புதுப்பிப்பு இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவிட்டால், சங்கிலி அறுந்துவிடுகிறது.

எக்ஸ் சாளர முறையின் காலம்

யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வரைகலைக்கு அடித்தளமிட்டது எக்ஸ் சாளர முறை. 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இது உருவாக்கப்பட்டது. இதன் பதினோராம் பதிப்பான எக்ஸ்11 1987-இல் வெளியானது. இம்முறையில் திரையையும் விசைப்பலகையையும் ஆளும் நிரலுக்கே 'எக்ஸ் வழங்கி' என்று பெயர். பயனரின் மேசைமேல் இருக்கும் கணினியில் ஓடுவது வழங்கி; தொலைவில் இருக்கும் பெரிய கணினியில் ஓடும் நிரல் அதன் வாடிக்கையாளர். வழக்கமான பொருளுக்கு நேர்மாறான இந்தப் பெயரீடு புதியவர்களை இன்றும் குழப்புவதுண்டு.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 என்னும் திட்டம், சாதாரணத் தனிமேசைக் கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ் வழங்கியை அளித்தது. அக்காலத்தில் வரைகலை இயக்கிகள் எக்ஸ் வழங்கிக்குள்ளேயே இருந்தன. அவை கருனியை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, நிர்வாகி உரிமையோடு வன்பொருளை நேரடியாகத் தொட்டன. பாதுகாப்பு நோக்கில் இது நல்ல ஏற்பாடு அன்று. ஆனால், கருனியை மாற்றினாலும் திரை பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை.

முப்பரிமாண வரைகலை வந்தபோது இந்த நிலை மாறியது. பல நிரல்கள் ஒரே நேரத்தில் அட்டையைப் பயன்படுத்த வேண்டுமானால், நினைவகத்தையும் குறுக்கீடுகளையும் நடுநிலையாகப் பங்கிட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடியது கருனி மட்டுமே. 2000 மார்ச்சில் வெளியான எக்ஸ்ஃப்ரீ86 4.0 பதிப்பு, நேரடி வரைவுக் கட்டமைப்பை அறிமுகப்படுத்தியது. அதன்பின் வரைகலை இயக்கிக்குக் கருனிக்குள் ஒரு கால் நிலையாக ஊன்றப்பட்டது. கருனி மாறினால் வரைகலையும் பாதிக்கப்படும் என்ற நிலை இங்கிருந்து தொடங்கியது.

மூடிய இயக்கிகளின் வருகை

1993-இல் தொடங்கப்பட்ட என்விடியா நிறுவனம், 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டது. வரைகலைச் செயலகம் என்ற பெயரைப் பரவலாக்கியது இந்த அட்டையே. லினக்ஸுக்காக இந்நிறுவனம் அளித்த இயக்கியின் மையப் பகுதி, மூல நிரல் இல்லாமல் இருமக் கோப்பாகவே வந்தது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான அந்த மையத்தைச் சுற்றி, மூல நிரலோடு கூடிய மெல்லிய ஒட்டுப்படலம் ஒன்று இருந்தது. பயனரின் கணினியில், அவரது கருனிக்கு ஏற்ப, அந்த ஒட்டுப்படலம் மட்டும் தொகுக்கப்பட்டு மையத்தோடு இணைக்கப்படும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. சில்லின் உள்ளமைப்பு போட்டியாளர்களுக்குத் தெரிவதை நிறுவனம் விரும்பவில்லை. பிற நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்ற பகுதிகளை வெளியிடவும் இயலாது. பல இயங்குதளங்களுக்கு ஒரே நிரலை வைத்துக்கொள்வது செலவையும் குறைத்தது. அந்நாளில் லினக்ஸில் முப்பரிமாண வேலை செய்ய விரும்பிய பலர், வேகத்திலும் நிறைவிலும் இந்த இயக்கியையே சிறந்ததாகக் கருதினர்.

கருனியை எழுதுவோர் இதை வேறுவிதமாகப் பார்த்தனர். லினக்ஸ் கருனி ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளிவருகிறது. அதனோடு சேர்ந்து ஒரே நினைவக வெளியில் ஓடும் மூடிய கூறு தவறு செய்தால், பிழை எங்கே என்று மூல நிரலைப் பார்த்துக் கண்டறிய வழியில்லை. எனவே 2001-இல் 2.4 வரிசைக் கருனியில் ஒவ்வொரு கூறும் தன் உரிமத்தை அறிவிக்கும் முறை வந்தது. மூடிய கூறு ஏற்றப்பட்டால் கருனி தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். கறைபட்ட கருனியிலிருந்து வரும் பிழை அறிக்கைகளைக் கருனி உருவாக்குநர்கள் பொதுவாக ஏற்பதில்லை. கருனியின் சில உட்செயல்கூறுகள், ஜிபிஎல் உரிமக் கூறுகளுக்கு மட்டும் என்றும் ஒதுக்கப்பட்டன.

நிலையான இடைமுகம் இல்லாமை

பயனர் நிரல்களுக்குக் கருனி அளிக்கும் இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கண்டிப்பானவர். பத்தாண்டுகளுக்கு முன் தொகுத்த நிரலும் இன்றைய கருனியில் ஓட வேண்டும் என்பது விதி. கருனிக்குள் இருக்கும் இடைமுகங்களுக்கு இந்த உறுதிமொழி கிடையாது. புதிய கருனி ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு முறையும் உள் இடைமுகங்களில் சில மாறலாம், சில மறையலாம்.

இக்கொள்கையைக் கருனியின் மூத்த உருவாக்குநரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஓர் ஆவணமாக எழுதினார். அது கருனியின் ஆவணத் தொகுப்பில் இன்றும் இடம்பெற்றுள்ளது. அதன் வாதம் எளிமையானது. இயக்கியின் மூல நிரல் கருனித் தொகுப்புக்குள் இருந்தால், இடைமுகத்தை மாற்றுபவரே அந்த இயக்கியையும் திருத்திவிடுவார். பழைய தவறுகளைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் குறைகளை வேரோடு களையலாம். வெளியில் நிற்க விரும்புபவர் பின்தொடர்ந்து ஓட வேண்டும்.

எதிர்வாதமும் வலுவானதே. கருனியை மாற்றுபவருக்கோ இயக்கியை மூடி வைத்திருப்பவருக்கோ உடனடி இழப்பு இல்லை. இருவருக்கும் நடுவே இருக்கும் பயனரின் கணினிதான் நிற்கிறது.

2004 மே மாதம் வெளியான ஃபெடோரா கோர் 2 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் கருனியில் ஒவ்வொரு பணிக்கும் ஒதுக்கப்படும் உள் அடுக்கின் அளவு 8 கிலோபைட்டிலிருந்து 4 கிலோபைட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த இது உதவியது. கருனித் தொகுப்புக்குள் இருந்த இயக்கிகள் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. என்விடியாவின் மூடிய இயக்கியோ 8 கிலோபைட் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. அதை நிறுவியவர்களின் கணினிகள் உறைந்து நின்றன. புதிய பதிப்பை என்விடியா வெளியிடும் வரை, பழைய அளவோடு தொகுக்கப்பட்ட வேறு கருனியைத் தேடி நிறுவுவதே அவர்களுக்கு வழியாக இருந்தது.

ரெட் ஹாட் நிறுவனம் தன் வணிக வழங்கலில் நடுவழி ஒன்றைக் கண்டது. ஒரு பெரும் பதிப்பின் ஆயுள் முழுவதும், தேர்ந்தெடுத்த சில உள் இடைமுகங்களை மாற்றுவதில்லை என்று அது உறுதியளிக்கிறது. வழங்கிகளை நடத்தும் நிறுவனங்கள் இத்தகைய வழங்கல்களை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானாகத் தொகுக்கும் முறை

ஒவ்வொரு கருனிப் புதுப்பிப்புக்குப் பின்னும் இயக்கியைக் கையால் மறுபடி நிறுவுவது, ஒரு கணினிக்குச் சரி. நூறு வழங்கிகளுக்கு இயலாத காரியம். வழங்கிகளைத் தயாரித்து விற்ற டெல் நிறுவனம் இச்சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. 2003-இல் அது டிகேஎம்எஸ் என்ற கருவியை வெளியிட்டது.

டிகேஎம்எஸ், கருனிக்கு வெளியே உள்ள இயக்கிகளின் மூலக் கோப்புகளை ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறது. புதிய கருனிப் பொதி நிறுவப்படும்போது, அதற்கேற்ற கூறைத் தானே தொகுத்து உரிய இடத்தில் வைத்துவிடுகிறது. மறுதொடக்கத்தின்போது புதிய கூறு தயாராக இருக்கும். உபுண்டு, டெபியன் உள்ளிட்ட பல வழங்கல்கள் இதை ஏற்றுக்கொண்டன.

ஆனால் இந்த ஏற்பாடு சில நிபந்தனைகளைச் சார்ந்தது. புதிய கருனியின் தலைப்புக் கோப்புகள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். தொகுப்பிக் கருவி பொருத்தமானதாக இருக்க வேண்டும். தொடக்க வட்டுப் பகுதியில் போதிய இடம் இருக்க வேண்டும். இயக்கியின் ஒட்டுப்படலம் அந்தக் கருனியை அறிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் தொகுப்பு முறிந்துவிடும். முறிந்த செய்தி, புதுப்பிப்பின்போது ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே மறைந்துவிடும். பழைய கருனி நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாகவே தோன்றும். சில வாரங்கள் கழித்து வழங்கி மறுதொடக்கம் செய்யப்படும் நாளில்தான் சிக்கல் வெளிப்படும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே விழும் இந்தக் கால இடைவெளி, பழுதைத் தேடுபவரைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது.

நூவோ: மாற்று இயக்கி

மூடிய இயக்கிக்கு மாற்றாக, பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஸ்டெஃபான் மார்ஷெசான் 2000-களின் நடுப்பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 'புதிய' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான நூவோ என்பது அதன் பெயர். என்விடியா ஆவணங்கள் எதையும் தராத நிலையில், அட்டைக்குச் செல்லும் கட்டளைகளைக் கவனித்து அதன் அமைப்பை ஊகிக்கும் எதிர்நிலைப் பொறியியல் முறையில் இது எழுதப்பட்டது. 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 கருனியில் நூவோ இணைக்கப்பட்டது.

இதற்கு ஓராண்டுக்கு முன், 2.6.29 கருனியில், திரையின் முறையமைப்பை எக்ஸ் வழங்கிக்குப் பதிலாகக் கருனியே செய்யும் ஏற்பாடு இன்டெல் அட்டைகளுக்கு வந்திருந்தது. நூவோவும் அதே வழியைப் பின்பற்றியது. இதனால் கணினி எழும் தொடக்க நொடிகளிலேயே நூவோ அட்டையைக் கைப்பற்றிவிடும். ஒரே அட்டையை இரு இயக்கிகள் ஆள முடியாது. எனவே, பின்னால் வரும் என்விடியா இயக்கி அட்டையைப் பெற முடியாமல் விலகிக்கொள்ளும். மூடிய இயக்கியை நிறுவுவோர் நூவோவைத் தடைப் பட்டியலில் சேர்த்து, தொடக்க நினைவகப் படிமத்தையும் மறுபடி உருவாக்க வேண்டும் என்ற வழிமுறை இதிலிருந்து பிறந்தது. புதிய கருனிக்கான படிமத்தில் அந்தத் தடை இடம்பெறாமல் போனால், நூவோ மீண்டும் முந்திக்கொள்ளும்.

நூவோவின் வளர்ச்சிக்கு வேறொரு தடையும் வந்தது. 2014-இல் வெளியான மாக்ஸ்வெல் இரண்டாம் தலைமுறை முதல், என்விடியாவின் அட்டைகள் நிறுவனம் கையொப்பமிட்ட நிலைபொருளையே ஏற்றன. அட்டையின் வேகத்தை முழு அளவுக்கு உயர்த்தும் வழி நூவோவுக்குக் கிடைக்காததால், கனமான கணிப்புப் பணிகளுக்கு அது பயன்படவில்லை.

ஏஎம்டி தேர்ந்த பாதை

இதே காலத்தில் மற்றொரு பெரிய வரைகலை நிறுவனம் வேறு பாதையில் சென்றது. ஏடிஐ நிறுவனத்தை 2006-இல் ஏஎம்டி வாங்கியது. அதற்கும் எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற மூடிய இயக்கி இருந்தது. புதுப்பிப்புக்குப் பின் உடைவதில் அதுவும் பெயர்பெற்றது. 2007 செப்டம்பரில், அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட்டுத் திறந்த மூல இயக்கிகளுக்கு உதவப்போவதாக ஏஎம்டி அறிவித்தது. 2015-இல் வெளியான 4.2 கருனியில் ஏஎம்டிஜிபியு என்ற புதிய திறந்த இயக்கி சேர்க்கப்பட்டது. உபுண்டு 16.04 பதிப்பில் எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் இயக்கிக்கு இடமில்லை.

அதன்பின் ஏஎம்டி அட்டைகளின் கருனிக் கூறு கருனியோடு சேர்ந்தே வருகிறது, சேர்ந்தே திருத்தப்படுகிறது. பிழைகள் இல்லாமல் போகவில்லை. கணிப்புப் பணிகளுக்கென ஏஎம்டி அளிக்கும் தனிப் பொதிகள் டிகேஎம்எஸ் வழியே நிறுவப்படும்போது அதே பழைய சிக்கல்கள் தலைகாட்டுவதும் உண்டு. எனினும், கருனி மாறியதால் மட்டுமே திரை இருண்டுபோகும் நிகழ்வுகள் வெகுவாகக் குறைந்தன. குரோவா-ஹார்ட்மன் முன்வைத்த வாதத்துக்கு நடைமுறைச் சான்றாக இது அமைந்தது.

வழங்கிகளுக்குள் வரைகலை அட்டை

வரைகலை அட்டை நெடுங்காலம் வழங்கிகளில் தேவையற்ற பொருளாகவே இருந்தது. என்விடியா 2006-இல் அறிவித்து அடுத்த ஆண்டு வெளியிட்ட கூடா இந்த நிலையை மாற்றியது. படம் வரைவதற்கான ஆயிரக்கணக்கான சிறு கணிப்பு அலகுகளைப் பொதுவான கணக்குகளுக்கும் பயன்படுத்த அது வழிவகுத்தது. 2010 நவம்பரில் உலகின் மிக வேகமான மீக்கணினியாக அறிவிக்கப்பட்ட சீனாவின் தியான்ஹே-1ஏ, 7,168 என்விடியா அட்டைகளைக் கொண்டிருந்தது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய அலெக்ஸ்நெட், இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்டுப் படங்களை அடையாளம் காணும் போட்டியில் பெரும் இடைவெளியில் வென்றது. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகள் அதன்பின் வரைகலை அட்டைகளை நோக்கித் திரண்டன.

இதனால் இயக்கிச் சிக்கலின் விலை உயர்ந்தது. விளையாட்டு ஆர்வலர் ஒருவரின் மாலைப்பொழுது வீணாவது வேறு. பல நாட்கள் ஓட வேண்டிய ஆய்வுப் பணி நடுவில் நின்றுபோவது வேறு. வழங்கிகளுக்கே உரிய புதிய வகைக் கோளாறுகளும் தோன்றின.

அவற்றுள் மிகப் பரவலானது பதிப்பு முரண். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் வழங்கியில், இயக்கியின் நிரலகங்கள் வட்டில் மாற்றப்பட்டுவிடும். ஆனால் பழைய கருனிக் கூறு நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்பின் தொடங்கும் எந்த நிரலும் புதிய நிரலகத்தை ஏற்றிப் பழைய கூறோடு பேச முயன்று தோற்கும். அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, இயக்கிக்கும் நிரலகத்துக்கும் பதிப்பு பொருந்தவில்லை என்று அறிவிக்கும். முன்பே தொடங்கிய பணிகள் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருக்கக்கூடும். எனவே மறுதொடக்கம் செய்வதற்கு முன் அவற்றின் நிலையைப் பார்ப்பது அவசியமாகிறது.

பல அட்டைகளை விரைவு இணைப்பிகளால் கோத்த பெரிய வழங்கிகளில், அந்த இணைப்பை ஆளும் துணைச் சேவையின் பதிப்பும் இயக்கியின் பதிப்போடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் முன்னேறினால், அட்டைகள் தெரியும், கணிப்பு தொடங்காது.

மற்றொன்று பாதுகாப்பான தொடக்கம். 2012-இல் விண்டோஸ் 8 வெளியானதையொட்டிக் கணினிகளில் பரவிய இம்முறையில், கையொப்பமில்லாத கருனிக் கூறுகளைப் பல லினக்ஸ் வழங்கல்கள் ஏற்க மறுக்கின்றன. டிகேஎம்எஸ் அந்தந்தக் கணினியிலேயே தொகுக்கும் கூறுக்கு வழங்கல் நிறுவனத்தின் கையொப்பம் இருக்காது. நிர்வாகி தன் சொந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை உறுதிப்படுத்தும் திரை, கருனி எழுவதற்கு முன்பே தோன்றும். தொலைவிலிருந்து இயக்கப்படும் வழங்கியின் முன் அப்போது யாரும் இருப்பதில்லை. இதைத் தவிர்க்கவே உபுண்டு போன்ற வழங்கல்கள், முன்கூட்டியே தொகுத்துக் கையொப்பமிட்ட என்விடியா கூறுகளைத் தனிப் பொதிகளாக அளிக்கத் தொடங்கின.

மோதல் வெளிப்பட்ட தருணங்கள்

2012 ஜூன் மாதம் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலில், என்விடியாவின் ஒத்துழையாமை குறித்துப் பார்வையாளர் ஒருவர் கேட்டார். தாங்கள் கையாண்ட நிறுவனங்களிலேயே மிக மோசமானது அதுவே என்று கூறிய டோர்வால்ட்ஸ், ஒளிப்படக் கருவியை நோக்கி இழிவான சைகை ஒன்றையும் காட்டினார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது.

2020-இல் மோதல் தொழில்நுட்ப வடிவில் வெளிப்பட்டது. ஜிபிஎல் கூறுகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட செயல்கூறுகளை மூடிய இயக்கிகள் அடைவதற்கு ஒரு சுற்றுவழி இருந்தது. திறந்த உரிமம் கொண்ட சிறிய இடைக்கூறு ஒன்றை நடுவில் வைத்து, அதன் வழியே உள்ளே செல்வது அந்த வழி. கருனி உருவாக்குநர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் எழுதிய மாற்றம் இந்தச் சுற்றுவழியை அடைத்தது. அக்டோபரில் வெளியான 5.9 கருனியில் அது இடம்பெற்றது. அப்போதைய என்விடியா இயக்கி அக்கருனியோடு முழுமையாகப் பொருந்தவில்லை. புதிய இயக்கி வரும்வரை, அதாவது நவம்பர் நடுப்பகுதி வரை, 5.9-க்கு மாற வேண்டாம் என்று நிறுவனம் பயனர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த இடைவெளியில் கருனியைப் புதுப்பித்தவர்கள், தங்கள் தவறு எதுவும் இல்லாமலே சிக்கலில் மாட்டினர்.

2022-இல் ஏற்பட்ட மாற்றம்

2022 மே மாதம், 515 வரிசை இயக்கியோடு, என்விடியா தன் கருனிக் கூறுகளின் மூல நிரலை எம்ஐடி, ஜிபிஎல் ஆகிய இரு உரிமங்களின் கீழ் வெளியிட்டது. டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தைய அட்டைகளும் இதில் அடங்கின. தரவு மையங்களுக்கான அட்டைகளுக்கே முதலில் முழுமையான ஆதரவு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளாகத் தனிப்பயனர்கள் கேட்டும் நிகழாத மாற்றம், வழங்கிச் சந்தை பெருகிய பின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 2024-இல், 560 வரிசை முதல் திறந்த கூறுகளே முதன்மைத் தேர்வாகும் என்று நிறுவனம் அறிவித்தது. பிளாக்வெல் தலைமுறை அட்டைகள் திறந்த கூறுகளோடு மட்டுமே இயங்கும்.

இந்த மாற்றத்துக்கு எல்லைகளும் உண்டு. முன்பு மூடிய கூறில் இருந்த பணிகளின் பெரும்பகுதி, அட்டைக்குள்ளேயே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் செயலகத்தின் நிலைபொருளுக்கு நகர்ந்துள்ளது; அந்த நிலைபொருள் மூடியதே. கூடா நிரலகங்களும் மூடியவையே. திறந்த கூறு கருனித் தொகுப்புக்கு வெளியே தனியாகவே வெளியாகிறது. ஆகவே அதைத் தொகுக்க இன்றும் டிகேஎம்எஸ் போன்ற ஏற்பாடு தேவை. கருனித் தொகுப்புக்குள்ளேயே இருக்கத்தக்க புதிய இயக்கியாக, ரஸ்ட் மொழியில் நோவா என்ற திட்டம் உருவாகி வருகிறது.

பழைய அட்டைகளின் நிலை வேறு. 340 வரிசை இயக்கிக்கான ஆதரவு 2019-ஆம் ஆண்டோடும், 390 வரிசைக்கானது 2022-ஆம் ஆண்டோடும் முடிந்தன. மாக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைகளுக்கு 580 வரிசையே கடைசி. பல ஆய்வுக்கூடங்களில் இன்னும் ஓடும் வி100 அட்டைகள் வோல்டா தலைமுறையைச் சேர்ந்தவை. புதுப்பிப்பு ஒன்று புதிய வரிசைக்குத் தாவிவிட்டால், அந்த அட்டைகளை இயக்கி அடையாளம் காணாது.

சீர்செய்யும் வரிசையும் அதன் வரலாறும்

நடைமுறையில் பின்பற்றப்படும் சோதனைகள் பெரும்பாலும் பின்வரும் வரிசையில் அமைகின்றன.

1. அட்டை வன்பொருளாகத் தெரிகிறதா என்று பார்த்தல். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலிலேயே அட்டை இல்லையென்றால், அது இயக்கிச் சிக்கல் அன்று. மின்னிணைப்பையோ பொருத்துமிடத்தையோ பார்க்க வேண்டும்.

2. ஓடும் கருனியின் பதிப்பைப் பார்த்து, அதற்கான இயக்கிக் கூறு இருக்கிறதா என்று சோதித்தல். இல்லையென்றால், தொகுப்பு முறிந்த காரணம் டிகேஎம்எஸ் பதிவுக் கோப்பில் இருக்கும். தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாமையே அடிக்கடி காணப்படும் காரணம்.

3. கூறு இருந்தும் ஏறவில்லையென்றால், கருனியின் செய்திப் பதிவைப் படித்தல். சாவி நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி இருந்தால், கையொப்பமே சிக்கல். வேறு இயக்கி அட்டையை வைத்திருப்பதாக இருந்தால், நூவோவின் தடைப் பட்டியலையும் தொடக்கப் படிமத்தையும் பார்க்க வேண்டும். அட்டைக்கு ஆதரவில்லை என்று இருந்தால், பழைய வரிசை இயக்கிக்குத் திரும்ப வேண்டும்.

4. கூறு ஏறியிருந்தும் நிரல்கள் தோற்றால், கூறின் பதிப்பையும் நிரலகங்களின் பதிப்பையும் ஒப்பிடுதல். முரண் இருந்தால், அட்டையைப் பயன்படுத்தும் பணிகளை நிறுத்திக் கூறை இறக்கி ஏற்றலாம். மறுதொடக்கம் எளிய வழி.

5. உடனடியாகப் பணி தொடர வேண்டுமானால், தொடக்கப் பட்டியலில் முந்தைய கருனியைத் தேர்ந்தெடுத்தல். பெரும்பாலான வழங்கல்கள் முந்தைய கருனியை அழிக்காமல் வைத்திருக்கின்றன. அதற்கான கூறும் பொதுவாக அப்படியே இருக்கும்.

நிறுவனத்தின் வலைத்தளத்திலிருந்து இறக்கிய நிறுவியையும், வழங்கலின் பொதிகளையும் ஒரே கணினியில் கலப்பது தவிர்க்கப்பட வேண்டும். ஒன்று வைத்த கோப்புகளை மற்றது அறியாமல் மேலெழுதும். அடுத்த புதுப்பிப்பில் இரண்டும் பாதி பாதியாக நிற்கும். தடுப்பு நடவடிக்கையாக, கருனிப் பொதிகளையும் இயக்கிப் பொதிகளையும் தானியங்கிப் புதுப்பிப்பிலிருந்து நிறுத்திவைத்து, முன்குறித்த நாளில் இரண்டையும் சேர்த்துப் புதுப்பிப்பது வழக்கம். ஒரு வழங்கியில் சோதித்த பிறகே மற்றவற்றில் செய்வதும் நல்லது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாவது இம்முறைக்குக் கொடுக்கும் விலை. எனவே நிறுத்திவைத்தல் நிரந்தரமாகிவிடக் கூடாது.

இவ்வரிசையில் இரண்டாம் சோதனை, கருனிக்குள் நிலையான இடைமுகம் இல்லை என்ற கொள்கையிலிருந்து வந்தது. மூன்றாவது, 2010-இல் நூவோவின் இணைப்பிலிருந்தும் 2012-க்குப் பின் பரவிய கையொப்ப முறையிலிருந்தும் வந்தது. நான்காவது, வரைகலை அட்டை வழங்கிக்குள் நுழைந்ததன் விளைவு. ஐந்தாவது, இத்தனைக்குப் பிறகும் எந்தப் புதுப்பிப்பும் தோற்கக்கூடும் என்று வழங்கல்களை உருவாக்குவோர் ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

மூல நிரல் கருனித் தொகுப்புக்குள் வந்த இடங்களில் சிக்கல் குறைந்திருப்பதை ஏஎம்டியின் அனுபவம் காட்டுகிறது. என்விடியா 2022-இல் எடுத்து வைத்த அடியும் அதே திசையில் உள்ளது. கருனிக் கூறும் நிரலகமும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு கைகளிலிருந்து வெளியாகும் வரை, அவற்றுக்கிடையிலான பொருத்தத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு வழங்கியை நடத்துபவரிடமே இருக்கும்.